மேசைக்கு இந்தப் பக்கம்: வாக்குச்சாவடி தலைமை அலுவலராக ஓர் அனுபவம்

2024 மக்களவைத் தேர்தலில் எனக்கு வாக்குச்சாவடி தலைமை அலுவலர் பணி வந்தது. அரசுப் பள்ளி ஆசிரியர்களுக்குத் தேர்தல் பணி புதிதல்ல. முந்தைய தேர்தல்களில் பி.ஓ.-1 (முதல் வாக்குப்பதிவு அலுவலர்) ஆக உட்கார்ந்து வாக்காளர் பெயரை உரக்க வாசித்திருக்கிறேன். தலைமை அலுவலர் என்றால் கதை வேறு. இயந்திரம் முதல் கடைசி உறை வரை எல்லாவற்றுக்கும் கையெழுத்து நம்முடையது. ஓட்டுப் போட வருகிறவருக்கு இரண்டு நிமிட வேலைதான். அந்த இரண்டு நிமிடத்துக்குப் பின்னால் என்ன நடக்கிறது என்று கேட்ட நண்பர்களுக்காக இதை எழுதுகிறேன்.

முதலில் பயிற்சி வகுப்புகள். பெரிய கூடத்தில் நூற்றுக்கணக்கான ஆசிரியர்கள், முன்னால் திரை, பின்வரிசைக்கு ஒன்றும் கேட்காது. இயந்திரத்தைக் கையில் கொடுத்து இணைத்துப் பார்க்கச் சொல்லும் நேரம்தான் உண்மையான பயிற்சி. அதை விட்டுவிட்டு வெளியே காற்று வாங்கப் போனவர்கள் மறுநாள் பாடுபட்டார்கள்.

எந்தச் சாவடி என்பது வாக்குப்பதிவுக்கு முந்தைய நாள் வரை தெரியாது. கணினிக் குலுக்கல் மூன்று கட்டம்: யாருக்குப் பணி, எந்தச் சட்டமன்றத் தொகுதியில் எந்தக் குழு, கடைசியாக எந்தச் சாவடி. "எங்கே போகிறோம்னே தெரியாம எப்படிப் பையை எடுத்து வைக்கிறது?" என்று எல்லோரும் அலுத்துக்கொண்டோம். யோசித்தால் காரணம் எளிது. நான் எங்கே போகிறேன் என்று எனக்கே தெரியாதபோது, என்னிடம் முன்கூட்டிப் பேசி வைக்க யாராலும் முடியாது. தேர்தல் நடைமுறை முழுக்கவே இப்படித்தான், யாரையும் நம்பச் சொல்லாமல் ஒருவரை இன்னொருவர் பார்த்துக்கொண்டே இருக்கும்படி கட்டியிருக்கிறார்கள்.

விநியோக மையத்தில் சாமான்களை வாங்கிச் சரிபார்க்கவே அரை நாள் போய்விடும். வாக்குகளைப் பதிந்து வைக்கும் கண்ட்ரோல் யூனிட், வாக்காளர் பொத்தானை அழுத்தும் பேலட் யூனிட், போட்ட வாக்கைச் சீட்டில் அச்சிட்டுக் காட்டும் விவிபேட் ஆகியவற்றின் எண்கள் நம் தாளில் உள்ள எண்களோடு ஒத்துப் போகிறதா, குறியிடப்பட்ட வாக்காளர் பட்டியல் நம் சாவடியுடையதுதானா, இயந்திரத்தை மூடி முத்திரையிடப் பச்சைக் காகித முத்திரை, ஸ்பெஷல் டேக், பிறகு படிவங்கள், அரக்கு, நூல், விரலில் வைக்கும் மை. அந்த மை மைசூரில் உள்ள கர்நாடக அரசு நிறுவனத்தில் தயாராவது. 1962 தேர்தலிலிருந்து அதுதான். அதில் உள்ள சில்வர் நைட்ரேட் தோலில் பிடித்துக்கொள்வதால் சோப்புக்கு அசையாது. சின்னக் குப்பி, ஆனால் கவிழ்ந்தால் மேசை, சேலை, பதிவேடு எல்லாம் போச்சு. கிண்ணத்தில் மணல் போட்டு அதில் குப்பியை நட்டு வையுங்கள் என்று பயிற்சியில் சொன்னதை அலட்சியப்படுத்த வேண்டாம்.

எங்கள் தொகுதியில் இரண்டு பேலட் யூனிட். நோட்டாவையும் சேர்த்து ஒன்றில் 16 பெயர்தான் வரும் என்பதால், அதைத் தாண்டினால் அடுத்த யூனிட். 1996இல் மொடக்குறிச்சி சட்டமன்றத் தொகுதியில் 1033 பேர் போட்டியிட்டபோது வாக்குச்சீட்டே புத்தகம் போல ஆனது. அந்தக் கதையைச் சொல்லித்தான் எங்கள் பி.ஓ.-3 தன்னைத் தேற்றிக்கொண்டார்.

மாலையில் சாவடியை ஒழுங்கு செய்ய வேண்டும். வாக்களிக்கும் மறைவிடம் ஜன்னலை ஒட்டி இருக்கக் கூடாது. விவிபேட் மேல் நேராக வெளிச்சம் படக் கூடாது. இயந்திரங்களை விட்டுவிட்டு யாரும் எங்கும் போக முடியாது என்பதால் இரவு அங்கேயே. தூக்கம் என்று ஒன்று வந்ததாகச் சொல்ல மாட்டேன்.

ஏழு மணிக்கு வாக்குப்பதிவு என்றால் ஐந்தரைக்கு மாதிரி வாக்குப்பதிவு. பொதுமக்கள் பார்க்காத இந்தப் பகுதிதான் எனக்கு மிகவும் பிடித்தது. முகவர்கள் வேட்டி மடிப்புக் கலையாமல் வந்து நின்றார்கள். குறைந்தது இரண்டு வேட்பாளர்களின் முகவர்கள் இருக்க வேண்டும். இல்லையென்றால் பதினைந்து நிமிடம் காத்திருக்கலாம். குறைந்தபட்சம் 50 வாக்கு, நோட்டா உட்பட எல்லாப் பொத்தானிலும் விழ வேண்டும். ஒருவர் அழுத்த, இன்னொருவர் துண்டுத்தாளில் கோடு கிழித்துக் கணக்கு வைத்தார். பிறகு கண்ட்ரோல் யூனிட்டில் 'குளோஸ்', 'ரிசல்ட்'. எண் ஒவ்வொன்றாக ஓடுகிறது. விவிபேட் பெட்டியைத் திறந்து சீட்டுகளை எண்ணி அதோடு ஒப்பிட்டோம். எதிரெதிர்க் கட்சிக்காரர்கள் இருவர் ஒரே துண்டுத்தாளின் மேல் குனிந்து, "உங்களுக்கு நாலு, எங்களுக்கு அஞ்சு, சரியா வருதா பாருங்க" என்று பேசிக்கொண்டதை வேறெங்கும் பார்க்க முடியாது.

சரி, எண்ணிக்கை பொருந்தியது. இப்போதுதான் கவனம் வேண்டும். 'கிளியர்' பொத்தானை அழுத்தி மாதிரி வாக்குகளை அழிக்க வேண்டும். விவிபேட்டில் விழுந்த சீட்டுகளை எடுத்து, ஒவ்வொன்றின் பின்னாலும் மாதிரி வாக்கு என்ற முத்திரை குத்தி, கருப்பு உறையில் போட்டு மூட வேண்டும். காலிப் பெட்டியை முகவர்களிடம் காட்ட வேண்டும். 'டோட்டல்' அழுத்தினால் பூஜ்யம் வர வேண்டும். அது வந்ததை ஒவ்வொரு முகவரும் எட்டிப் பார்த்தார். பிறகு பச்சைக் காகித முத்திரையின் வெள்ளைப் பக்கத்தில் நான் கையெழுத்திட்டேன், முகவர்கள் இட்டார்கள், வரிசை எண்ணைக் குறித்துக்கொண்டார்கள். ஓர் இளம் முகவர் அதைக் கைபேசியில் படம் பிடிக்கப் போக, சாவடிக்குள் கைபேசியை எடுக்கக் கூடாது என்று பக்கத்துக் கட்சி முகவரே தடுத்தார். "எண்ணை எழுதிக்கோ தம்பி, போதும்" என்றார்.

ஏழு மணிக்கு வரிசை ரோடு வரை நின்றது. பி.ஓ.-1 பட்டியலில் பெயரைத் தேடி உரக்க வாசிக்கிறார். உரக்க என்பது முக்கியம். முகவர்கள் மறுக்க விரும்பினால் அந்த நொடியில்தான் மறுக்க முடியும். பி.ஓ.-2 படிவம் 17ஏ என்ற வாக்காளர் பதிவேட்டில் கையெழுத்து வாங்கி, இடது ஆள்காட்டி விரலில் நகத்தின் மேல் நுனியிலிருந்து முதல் மூட்டு வரை கோடிட்டு, சீட்டு தருகிறார். பி.ஓ.-3 சீட்டை வாங்கி, விரலைப் பார்த்து, 'பேலட்' பொத்தானை அழுத்துகிறார். வாக்காளர் மறைவிடத்துக்குள் போய் நீலப் பொத்தானை அழுத்தியதும் விவிபேட் கண்ணாடிக்குப் பின்னால் சீட்டு ஏழு விநாடி தெரிந்து உள்ளே விழும். பீப் கேட்டால் ஒரு வாக்கு முடிந்தது. காலை பத்து மணிக்குள் அந்தப் பீப் ஒலி என் காதுக்குள்ளேயே குடியேறிவிட்டது.

ஒரு முகவர் ஒருவரைக் காட்டி, "இவர் அந்த ஆள் இல்லை, ஆட்சேபிக்கிறேன்" என்றார். அப்படியானால் இரண்டு ரூபாய் கட்டுங்கள் என்றேன். விதி அதுதான்: ஆட்சேபணைக்கு இரண்டு ரூபாய் காப்புத்தொகை. நான் விசாரித்து முடிவெடுப்பேன். வேண்டுமென்றே கிளப்பியது என்று தெரிந்தால் பணம் திரும்பாது. பல வருடங்களாக மாறாத தொகை, இன்று யாருக்கும் பொருட்டில்லை. ஆனாலும் படிவத்தில் எழுதிக் கையெழுத்திட வேண்டும் என்றதும் சட்டைப் பையைத் தடவிக்கொண்டே உட்கார்ந்துவிட்டார். தொகையை விட அந்தக் கையெழுத்துதான் தடுக்கிறது.

பார்வை மங்கிய ஒரு பாட்டி பேத்தியோடு வந்தார். பேத்தி பள்ளி மாணவி. துணைக்கு வருபவருக்குப் 18 வயது ஆகியிருக்க வேண்டும். "எம் பேத்தியே கூட வரக் கூடாதுன்னா, அப்புறம் யாரு டீச்சர் வருவா?" என்று பாட்டி சத்தம் போட, இரண்டு கட்சி முகவர்கள் ஒரே நேரத்தில் எழுந்தார்கள். இருவரையும் உட்காரச் சொன்னேன். வரிசையில் நின்ற பக்கத்து வீட்டம்மாவைப் பாட்டியே கை காட்டினார். அந்த அம்மா ரகசியம் காப்பேன், இன்று வேறு யாருக்கும் துணையாகப் போகவில்லை என்று உறுதிமொழி எழுதிக் கொடுக்க வேண்டும். அவருடைய வலது ஆள்காட்டி விரலிலும் மை. பாட்டியின் பெயர் துணையோடு வாக்களிப்பவர்களுக்கான படிவம் 14ஏ-வில் ஏறியது. உள்ளே போய் என்ன அழுத்தினார்கள் என்பது எங்கள் யாருக்கும் தெரியாது. பாட்டி வெளியே வரும்போது "சரியாத்தான் அமுக்குனியா?" என்று அந்த அம்மாவை அதட்டியது மட்டும் கேட்டது.

மதியத்துக்கு மேல்தான் சிக்கல் வந்தது. வெளியூரில் வேலை பார்க்கும் ஒருவர் ஓட்டுக்காகவே கிளம்பி வந்திருக்கிறார். பட்டியலில் அவர் பெயருக்கு நேரே ஏற்கெனவே கோடு. 17ஏ-வில் கையெழுத்தும் இருக்கிறது. அவர் விரலில் மை இல்லை. கேட்ட கேள்விகளுக்கெல்லாம் தெளிவாகப் பதில் சொன்னார், அடையாள அட்டையும் சரி. முன்னால் வந்தது யார் என்று அந்த நேரத்தில் கண்டுபிடிக்க வழியில்லை. இதற்கென்றே டெண்டர் வாக்கு என்ற ஏற்பாடு இருக்கிறது. இயந்திரத்தில் வாக்களிக்க முடியாது. காகித வாக்குச்சீட்டு கொடுப்போம், 17பி-யில் கையெழுத்து வாங்குவோம், அம்புக்குறி முத்திரை குத்தி அவர் மடித்துத் தருவதைத் தனி உறையில் வைப்போம்.

"இதை எண்ணுவாங்களா மேடம்?"

இல்லை என்று சொன்னேன். எண்ணிக்கை நாளில் அந்த உறையைத் திறக்க மாட்டார்கள். தேர்தல் வழக்கு உயர் நீதிமன்றத்துக்குப் போனால்தான் அதற்கு வேலை. "அப்புறம் எதுக்கு இது?" என்றார். அதற்கு என்னிடம் நல்ல பதில் இல்லை. ஏமாற்று நடந்ததற்கு ஒரு பதிவாவது இருக்கும் என்றேன். கொஞ்ச நேரம் சீட்டையே பார்த்துவிட்டு, முத்திரை குத்திக் கொடுத்துவிட்டுப் போனார். முழு நடைமுறையிலும் ஒரு வாக்காளருக்கு உண்மையில் அநியாயம் நடக்கும் இடம் இதுதான் என்பது என் கருத்து. ஒருவரோடு போய்விடுகிற விஷயம் என்றாலும், அந்த ஒருவருக்கு அது அவருடைய முழு ஓட்டு.

இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை பதிவான எண்ணிக்கையை மண்டல அலுவலருக்குச் சொல்ல வேண்டியிருந்தது. 17ஏ-வின் கடைசி வரிசை எண்ணும் கண்ட்ரோல் யூனிட் 'டோட்டலும்' ஒன்றா என்று நான் அந்தந்த நேரத்தில் பார்த்துக்கொண்டேன். கையெழுத்திட்ட பிறகு வாக்களிக்க மறுத்து ஒருவர் போனால், 49ஓ விதியின்படி பதிவேட்டில் குறிப்பெழுதி அவர் கையெழுத்தையும் வாங்க வேண்டும்; அந்த ஒரு எண் வித்தியாசம் இரவு வரை துரத்தும்.

வாக்குப்பதிவு நேரம் முடியும் ஆறு மணிக்கு வரிசையில் இன்னும் ஆட்கள் நின்றார்கள். கையெழுத்திட்ட டோக்கனை வரிசையின் கடைசி ஆளிடமிருந்து தொடங்கி முன்னோக்கிக் கொடுக்க வேண்டும். முன்னாலிருந்து தொடங்கினால் கொடுத்து முடிப்பதற்குள் வால் நீண்டுகொண்டே போகும். இப்படிச் சின்னச் சின்ன விஷயத்தை யாரோ எப்போதோ பட்டுத்தான் விதியாக எழுதியிருக்க வேண்டும்.

கடைசி டோக்கன்காரர் போட்டதும் 'குளோஸ்'. அதன் பிறகு அந்த இயந்திரம் வாக்கு வாங்காது. படிவம் 17சி-யில் மொத்த வாக்கு, இயந்திர எண்கள், முத்திரை எண்கள் எல்லாம் எழுதி, ஒவ்வொரு முகவருக்கும் நகல் கொடுத்துக் கையெழுத்து வாங்கினேன். ஒரு முகவர் நகலை வாங்காமலே கிளம்பப் பார்த்தார், கூப்பிட்டுக் கொடுத்தேன். அன்று கிடைப்பதிலேயே மதிப்புள்ள தாள் அதுதான். எங்களுக்கு வாக்குப்பதிவு ஏப்ரல் 19, எண்ணிக்கை ஜூன் 4. ஒன்றரை மாதம் இயந்திரம் பாதுகாப்பு அறையில் இருந்தது. எண்ணும் மேசையில் அதைத் திறக்கும்போது, திரையில் வரும் மொத்தம் கையிலுள்ள 17சி-யோடு பொருந்துகிறதா என்று முகவர் பார்த்துக்கொள்ள முடியும். நகல் இல்லாதவர் மற்றவர் சொல்வதைக் கேட்டுத் தலையாட்ட வேண்டியதுதான்.

சாவடியில் வேலை முடிந்தது, இரவு முடியவில்லை. ஒப்படைப்பு மையத்தில் நீண்ட வரிசை, ஒரே கூச்சல். நிறம் நிறமான உறைகளைப் பிரித்து வாங்கும் மேசையில் ஒரு படிவத்தில் ஒரு கையெழுத்து இல்லையென்றாலும் ஓரமாகத் தள்ளிவிடுவார்கள். தரையில் உட்கார்ந்து டார்ச் வெளிச்சத்தில் எழுதிக்கொண்டிருந்த தலைமை அலுவலர்கள் நிறையப் பேர். எங்கள் குழுவுக்குச் சீக்கிரம் ரசீது கிடைத்ததற்குக் காரணம் எங்கள் பி.ஓ.-2. மதியம் கூட்டம் குறைந்த நேரத்திலேயே உறைகளின் மேல் எழுத வேண்டியதை எல்லாம் எழுதி அடுக்கிவிட்டார்.

அடுத்த தேர்தலில் முதல்முறை இந்தப் பொறுப்பு வரப்போகிறவர்களுக்கு: அன்று நடப்பதைக் குறிக்கும் தலைமை அலுவலர் டைரியை அந்தந்த நேரத்தில் எழுதுங்கள், இரவில் உட்கார்ந்து ஞாபகப்படுத்தி எழுத முடியாது. மாதிரி வாக்குப்பதிவு முடிந்ததும் 'கிளியர்' செய்ததை இருவராவது வாய்விட்டுச் சொல்லி உறுதிப்படுத்துங்கள். வாக்குப்பதிவு முடிந்ததும் விவிபேட் பேட்டரியைக் கழற்ற மறக்காதீர்கள். பேனா நாலைந்து எடுத்துப் போங்கள், முகவர்கள் வாங்கினால் திரும்பி வராது.