மூன்றாம் ஆண்டுப் பக்கத்திலிருந்து தொடங்குங்கள்: உயிரியல், சுகாதாரப் பட்டப்படிப்பைத் தேர்ந்தெடுக்கும் வேலை

பயோமெடிக்கல் சயின்ஸ், பயோடெக்னாலஜி, ஹெல்த் சயின்ஸ், லைஃப் சயின்ஸ் என்று வரிசையாக எழுதி வைத்துக்கொண்டு “இதில் எது நல்லது?” என்று கேட்பவர்கள்தான் அதிகம். அந்தக் கேள்விக்குப் பதில் கிடையாது. ஒரு பல்கலைக்கழகத்தில் பயோமெடிக்கல் சயின்ஸ் என்றால் மருத்துவமனை ஆய்வகத்துக்கு ஆள் தயார் செய்யும் படிப்பு. இன்னொன்றில் அதே பெயரில் உடலியங்கியலும் செல் உயிரியலும் மட்டும்தான் இருக்கும். மாணவர்களோடு உட்கார்ந்து பாடத்திட்டங்களைப் புரட்டிப் புரட்டி எங்களுக்கு ஒரு வரிசை பழகிவிட்டது. பெயரைக் கடைசியில் பார்ப்பதுதான் அந்த வரிசை.

முதலில் ஒரு தாளை எடுத்து நடுவில் கோடு போடுங்கள். ஒரு பக்கம், தொழில் உரிமத்துக்கு வழி தரும் படிப்புகள்: நர்சிங், பிசியோதெரபி, பார்மசி, ரேடியோகிராபி, ஆக்குபேஷனல் தெரபி (அன்றாட வேலைகளைத் தாமே செய்ய நோயாளிக்கு உதவும் சிகிச்சை), ஆப்டோமெட்ரி (கண் பார்வைப் பரிசோதனை), டயட்டெடிக்ஸ் (உணவுச் சிகிச்சை) போன்றவை. இவற்றை முடித்தால் அந்தத் தொழிலை ஒழுங்குபடுத்தும் கவுன்சிலில் பதிவு செய்யலாம். சில நாடுகளில் அதற்குமேல் ஒரு தேர்வோ பயிற்சி ஆண்டோ இருக்கும். மறுபக்கம், அறிவியல் பட்டங்கள்: பயோகெமிஸ்ட்ரி, மைக்ரோபயாலஜி, மரபியல், உடலியங்கியல், நரம்பியல் அறிவியல். இவை எந்தப் பதிவேட்டிலும் உங்களைச் சேர்க்காது. ஆய்வு, மருந்துத் தொழில், தரக்கட்டுப்பாடு, தரவு வேலை, மேற்படிப்பு என்று கிளை பிரியும். இரண்டில் எதுவும் மட்டமில்லை. ஆனால் கோட்டுக்கு எந்தப் பக்கம் நிற்கிறோம் என்று தெரியாமல் சேர்வதுதான் பின்னால் திருத்தவே முடியாத தவறு.

கோட்டின் மேல் உட்கார்ந்து ஆளை ஏமாற்றும் ஜோடிகள் சில உண்டு. பார்மகாலஜி (மருந்து உடலில் எப்படி வேலை செய்கிறது என்ற அறிவியல்) படித்தவர் மருந்தாளுநர் ஆக முடியாது. அதற்குப் பார்மசி படித்திருக்க வேண்டும். ஸ்போர்ட்ஸ் சயின்ஸ் படித்தவர் பிசியோதெரபிஸ்ட் அல்ல. உளவியலில் இளங்கலை முடித்ததும் கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட் ஆகிவிட முடியாது. இன்னும் பல ஆண்டுகள் இருக்கின்றன. பிரிட்டனில் ‘டயட்டீஷியன்’ என்பது சட்டப் பாதுகாப்புள்ள பட்டப்பெயர், ‘நியூட்ரிஷனிஸ்ட்’ அப்படியல்ல. இரண்டு படிப்புகளும் அடுத்தடுத்த பக்கத்தில் அச்சாகியிருந்தாலும் மருத்துவமனை வார்டில் இரண்டுக்கும் ஒரே கதவு திறக்காது. அங்கேயே ‘பயோமெடிக்கல் சயின்டிஸ்ட்’ என்ற பெயருக்கும் அதே பாதுகாப்பு உண்டு. பட்டம் உரிய அங்கீகாரம் பெற்றதாக இருக்க வேண்டும். அதன்மேல் ஆய்வகப் பயிற்சிக் கோப்பும் வேண்டும்.

அங்கீகாரத்தைக் கல்லூரியின் விளம்பரத் தாளில் பார்க்காதீர்கள். கவுன்சிலின் சொந்தப் பட்டியலில் படிப்பின் முழுப் பெயர், வளாகம், சேரும் ஆண்டு மூன்றும் பொருந்துகின்றனவா என்று பாருங்கள். தலைமை வளாகத்துக்கு இருக்கும் அங்கீகாரம் கிளை வளாகத்துக்கும் இருக்கும் என்று நினைப்பது வழக்கமான சறுக்கல். ‘அங்கீகாரத்துக்கு விண்ணப்பித்துள்ளோம்’ என்றால் இன்றைக்கு இல்லை என்றுதான் பொருள்.

வேறு நாட்டில் வேலை செய்யும் எண்ணம் இருந்தால் மணிக்கணக்கையும் இப்போதே பாருங்கள். ஐரோப்பிய ஒன்றியத்தில் பொது நர்சிங்குக்குக் குறைந்தது 3 ஆண்டுகள், 4,600 மணி நேரம். அதில் குறைந்தது பாதி நேரடி மருத்துவப் பயிற்சி. ஆக்குபேஷனல் தெரபியின் உலகக் கூட்டமைப்பு 1,000 மணி நேரக் களப்பயிற்சியைக் குறைந்தபட்ச அளவாக வைத்திருக்கிறது. அதற்குக் கீழே இருக்கும் படிப்பு உள்ளூரில் செல்லுபடியானாலும் எல்லை தாண்டும்போது சிக்கும். இன்னொன்றும் சொல்லியாக வேண்டும். ஒவ்வொரு செமஸ்டரின் விரிவான பாடத்திட்டத்தையும் பயிற்சி மணிக்கணக்கையும் கையொப்பத்தோடு வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். பத்து வருடம் கழித்து வெளிநாட்டுக் கவுன்சில் ஒன்று கேட்கும்போது துறையே பெயர் மாறியிருக்கலாம்.

இனிப் பாடத்திட்டக் கையேடு. எல்லோரும் முதலாண்டுப் பக்கத்தைப் படிக்கிறார்கள். முதலாண்டு எங்கும் ஏறக்குறைய ஒன்றுதான்: செல், மரபியல் அடிப்படை, வேதியியல், கொஞ்சம் புள்ளியியல். படிப்பின் உண்மையான முகம் மூன்றாம் ஆண்டில்தான் தெரியும். அந்தப் பாடங்களை மட்டும் எழுதி, ஒவ்வொன்றின் எதிரிலும் அது எந்த அளவில் நின்று உயிரைப் பார்க்கிறது என்று குறியுங்கள்: மூலக்கூறா, செல்லா, முழு உடலா, மக்கள்தொகையா? புரத அமைப்பு மூலக்கூறில் விழும். நோயெதிர்ப்பியல் பெரும்பாலும் செல்லில் விழும். இதயமும் சிறுநீரகமும் உடலில் சேரும். தொற்றுநோயியல் மக்கள்தொகையில் வரும். பத்துப் பாடங்களைக் குறித்ததும் ஒரு பக்கம் சாய்வது கண்ணுக்குத் தெரியும். நீரிழிவு நோயைப் பற்றிப் படிக்க ஆசை என்று சொல்பவருக்கு உண்மையில் இன்சுலின் ஏற்பியின் வடிவம் பிடிக்குமா, கணையத் திசு பிடிக்குமா, நோயாளியோடு பேசப் பிடிக்குமா, ஏன் ஒரு வட்டாரத்தில் மட்டும் நோய் கூடுகிறது என்ற கேள்வி பிடிக்குமா? நோய் ஒன்றுதான், படிப்பு நான்கு.

விருப்பப் பாடங்களின் அடிக்குறிப்பையும் விடாதீர்கள். ‘போதிய மாணவர் இருந்தால் நடத்தப்படும்’ என்று பொடி எழுத்தில் இருக்கும். உங்களை இழுத்ததே அந்த ஒரு பாடம்தான் என்றால், கடந்த இரண்டு ஆண்டுகளில் அது நடந்ததா என்று துறைக்கு எழுதிக் கேளுங்கள்.

கிரெடிட் எண்களை ஒப்பிடும்போது அலகைப் பாருங்கள். ஐரோப்பிய முறையில் ஓர் ஆண்டுக்கு 60 கிரெடிட். ஒவ்வொன்றும் 25 முதல் 30 மணி நேர உழைப்பு, அதில் வீட்டில் படிப்பதும் அடக்கம். அமெரிக்க முறையில் இளங்கலை முழுவதுக்குமே பொதுவாக 120 கிரெடிட்தான். அங்கே 4 கிரெடிட் பாடத்தைப் பார்த்துச் சின்னது என்று எண்ணிவிடக் கூடாது.

கணக்குக்குப் பயந்து உயிரியலுக்கு வருபவர்களை நினைத்தால்தான் எங்களுக்குக் கவலை. முதலாண்டில் ஆளைக் கவிழ்ப்பது பெரும்பாலும் உயிரியல் அல்ல; வேதியியலும் புள்ளியியலும்தான். விண்ணப்பிக்கும் முன் இரண்டு கணக்குகளைப் போட்டுப் பாருங்கள். 5 மோலார் உப்புக் கரைசல் கையில் இருக்கிறது, 0.2 மோலாரில் 250 மி.லி. வேண்டும், எவ்வளவு எடுப்பீர்கள்? 250-ஐ 0.2-ஆல் பெருக்கி 5-ஆல் வகுத்தால் 10 மி.லி.; மீதியைத் தண்ணீர் விட்டு மொத்தம் 250-க்குக் கொண்டுவர வேண்டும். இரண்டாவது: ரத்தத்தின் பி.எச். 7.4-லிருந்து 7.1-க்கு இறங்கினால் ஹைட்ரஜன் அயனி எத்தனை மடங்கு கூடும்? ஏறத்தாழ இரண்டு மடங்கு. அது மடக்கை அளவுகோல் என்பதால் 0.3 என்ற சின்ன எண்ணுக்குள் அவ்வளவு ஒளிந்திருக்கிறது. விடை வரவில்லை என்றால் படிப்பை மாற்ற வேண்டியதில்லை. சேர்வதற்கு முன்னுள்ள மாதங்களில் மடக்கை, விகிதம், மோல் கருத்து மூன்றையும் சரிசெய்தால் போதும். பயோஇன்பர்மேட்டிக்ஸ் (உயிரியல் தரவுகளைக் கணினியில் அலசும் துறை) பக்கம் போகிறவர்கள் கூடவே ஆர் அல்லது பைத்தான் நிரல்மொழியில் ஒரு தரவுக் கோப்பைத் திறந்து வரைபடம் போடப் பழகுங்கள். பயோமெடிக்கல் எஞ்சினியரிங் வேறு ஜாதி. அதில் கால்குலஸ் இல்லாமல் முதல் வாரத்தையே தாண்ட முடியாது.

வளாகத்தைப் பார்க்கப் போனால் புதுக் கட்டடத்தைக் காட்டுவார்கள். நீங்கள் கேட்க வேண்டியது: ஒரு பெஞ்சுக்கு எத்தனை பேர், ஆளுக்கொரு பைப்பெட் (திரவத்தைத் துல்லியமாக அளந்து எடுக்கும் கருவி) உண்டா? நான்கு பேர் சுற்றி நின்று ஒருவர் மட்டும் செய்யும் பிராக்டிகலில் மற்ற மூவருக்குக் கை பழகாது. 10 மைக்ரோலிட்டர் எடுக்கும்போது 1 மைக்ரோலிட்டர் தவறினால் 10 சதவீதப் பிழை. அதைப் பார்வையால் கற்றுக்கொள்ள முடியாது. இறுதியாண்டு ஆய்வைப் பற்றியும் துருவிக் கேளுங்கள். எத்தனை பேருக்கு ஆய்வகத்தில் இடம், எத்தனை பேருக்குக் கணினித் தரவு, எத்தனை பேருக்கு ஏற்கெனவே வெளியான ஆய்வுக் கட்டுரைகளைத் தொகுத்து எழுதுவது மட்டும்? மதிப்பெண் வரிசையில் ஒதுக்குகிறார்களா? ஆய்வுப் படிப்புக்குப் போக நினைப்பவருக்கு இந்த ஒரு விடைதான் தரவரிசைப் பட்டியலை விடப் பெரியது.

மருத்துவம் கிடைக்காமல் ‘பக்கவழி’யாக உயிரியல் எடுப்பவர்களுக்கு: அந்த வழி சில நாடுகளில்தான் உண்டு, அங்கும் குறுகல். அமெரிக்காவில் மருத்துவக் கல்லூரி பெரும்பாலும் முதல் பட்டத்துக்குப் பிறகுதான். உயிரியல், பொது வேதியியல், கரிம வேதியியல், இயற்பியல் ஆகியவற்றை ஆய்வகப் பயிற்சியோடு படித்திருக்க வேண்டும் என்று பல கல்லூரிகள் கேட்கின்றன. பட்டத்தின் பெயரில் ‘மெடிக்கல்’ இருந்து இயற்பியல் இல்லாவிட்டால் பயனில்லை. ஆகவே இப்படிக் கேட்டுப் பாருங்கள்: மருத்துவம் கடைசிவரை கிடைக்காவிட்டாலும் இந்தப் படிப்பை நான் முடிப்பேனா? தயங்கினால் கோட்டின் முதல் பக்கத்துக்குத் திரும்பிப் போய்ப் பாருங்கள்.

கடைசியாக, உடம்பு சம்பந்தமானவை; இவற்றை யாரும் முன்கூட்டியே சொல்வதில்லை. நிறக்குருடு இருந்தால் சாயமிட்ட ஸ்லைடு, நிறம் மாறும் சோதனைப் பட்டை போன்றவை தடுமாற வைக்கலாம். பல துறைகள் மாற்று ஏற்பாடு செய்யும். சேரும் முன் எழுதிக் கேளுங்கள். உடற்கூறியல் கூடத்தில் ஃபார்மலின் வாடை உண்டு, ஆஸ்துமா உள்ளவர்கள் மருத்துவரிடம் பேசிவிடுங்கள். நோயாளிகளுடன் பயிற்சி இருக்கும் படிப்பானால் ஹெபடைடிஸ் பி தடுப்பூசிச் சான்றிதழ் அநேகமாகக் கேட்பார்கள். வழக்கமான அட்டவணையில் முதல் ஊசி, ஒரு மாதத்தில் இரண்டாவது, ஆறாவது மாதத்தில் மூன்றாவது. அதற்கு ஒன்றிரண்டு மாதம் கழித்து ரத்தத்தில் எதிர்ப்பொருள் அளவு மில்லிலிட்டருக்கு 10 மில்லி யூனிட் தொட்டிருக்கிறதா என்று பார்ப்பார்கள். தொடவில்லையென்றால் மறுபடியும் ஊசி. இடம் உறுதியான பிறகு தொடங்கினால் முதல் களப்பயிற்சி தவறிப்போகலாம். விண்ணப்பம் அனுப்பும் வாரத்திலேயே முதல் ஊசியைப் போட்டுக்கொள்ளுங்கள்.