ஜி.பி. பட்டியலில் இல்லாத ஊசி

ஒற்றைத் தலைவலி வராமல் தடுக்க எரெனுமாப் (ஐமோவிக்) ஊசி போட்டுக்கொள்பவர்களுக்காக, அதுவும் பிரிட்டனில் என்.எச்.எஸ். என்ற அரசு மருத்துவச் சேவை மூலம் வாங்குபவர்களுக்காக, இதை எழுதுகிறேன்.

ஊசி கிடைத்த கதை வழக்கமானதுதான். புரோப்ரனலால், அமிட்ரிப்டிலின், டோபிராமேட் மூன்றும் பலிக்காததால் எந்த மருந்தை யாருக்குத் தரலாம் என்று என்.எச்.எஸ்.ஸுக்குச் சொல்லும் நைஸ் அமைப்பின் விதிப்படி அனுமதி கிடைத்தது. வேலையும் செய்தது. ஜன்னலை மூடிக்கொண்டு இருட்டில் கிடந்த நாட்கள் பாதிக்கும் கீழே வந்துவிட்டன. இவ்வளவு நல்லது செய்த மருந்தின் மேல் சந்தேகப்பட எனக்கே மனம் வரவில்லை என்றால், மற்றவர்களுக்கு எப்படி வரும்?

சில மாதம் கழித்து மலச்சிக்கல் ஆரம்பித்தது. சாதாரணமாக வந்துபோகிற மாதிரி இல்லை. வயிறு உப்பி, வலியில் வேலைக்கு லீவு போடும் அளவுக்கு. ஜி.பி. (நம் பகுதிக் குடும்ப டாக்டர்) தண்ணீர் நிறையக் குடிக்கச் சொல்லி, மாக்ரோகோல் பொடி எழுதித் தந்தார். ஊசியைப் பற்றிச் சொன்னேன். கம்ப்யூட்டரைப் பார்த்துவிட்டு, "அப்படி ஒரு மருந்து உங்கள் பட்டியலில் இல்லையே" என்றார். பேச்சு அங்கேயே முடிந்துவிட்டது.

இந்த ஊசியை எழுதுவது மருத்துவமனை நரம்பியல் பிரிவு. ஹோம்கேர் கம்பெனி வீட்டுக்கே கொண்டுவந்து தருகிறது. ஜி.பி. கையால் அது போவதே இல்லை. நரம்பியல் டாக்டரின் கடிதத்தில் இருக்கும் மருந்தை யாராவது உட்கார்ந்து பதிந்தால்தான் அவருடைய பட்டியலில் ஏறும். எனக்கு யாரும் பதியவில்லை. அவசர சிகிச்சைக்குப் போனாலும் அங்கே தெரிந்திருக்காது என்று நினைத்தபோது பயமாகவே இருந்தது.

உண்மையைக் கண்டுபிடித்தவர் தெருமுனை மருந்துக் கடைக்காரர். நாற்பது வயது தாண்டியவர்களுக்கு அங்கே இலவசமாக ரத்த அழுத்தம் பார்க்கிறார்கள். பார்த்தவர் முகம் மாறியது, மறுபடி பார்த்தார். என்னென்ன மருந்து எடுக்கிறீர்கள் என்று கேட்டு, நான் சொன்ன பெயரை அங்கேயே தேடிப் படித்துக் காட்டினார். அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ. இந்த மருந்தின் குறிப்பில் தீவிர மலச்சிக்கல் பற்றிய எச்சரிக்கையை 2019லும், ரத்த அழுத்தம் பற்றியதை 2020லும் சேர்த்திருக்கிறது. காரணமும் புரியாததல்ல. ஒற்றைத் தலைவலியைத் தூண்டும் சி.ஜி.ஆர்.பி. என்ற பொருள் தலையில் மட்டும் வேலை செய்வதில்லை. ரத்தக் குழாய்களை விரிக்கிறது, குடல் நரம்புகளிலும் இருக்கிறது. எரெனுமாப், சி.ஜி.ஆர்.பி. போய் ஒட்டும் இடத்தை அடைத்துவிடுகிறது.

அதன்பிறகு நரம்பியல் பிரிவைப் பிடிப்பதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது. தலைவலி நர்ஸின் எண்ணில் எப்போதும் பதிவுக் குரல்தான். மெசேஜ் விட்டால் பதில் இல்லை. இதற்கிடையில் அடுத்த பெட்டி வந்து இறங்கியது. திருப்பி அனுப்பவும் முடியாது. வீட்டுக்குள் வந்த மருந்தை வேறு நோயாளிக்குத் தர மாட்டார்கள், குப்பைதான். கடைசியில் நோயாளிகளின் குறைகளைக் கேட்கும் மருத்துவமனையின் பால்ஸ் பிரிவுக்குத் தேதி, ரத்த அழுத்த அளவு எல்லாம் போட்டு ஈமெயில் எழுதினேன். அதுவரை வராத போன் அதற்குப் பிறகு வந்தது.

ஊசி போடுபவர்கள் உடனே செய்ய வேண்டியது ஒன்று உண்டு. என்.எச்.எஸ். ஆப்பில் உங்கள் மருந்துப் பட்டியலைத் திறந்து பாருங்கள். ஊசி இல்லையென்றால் "மருத்துவமனை மட்டும் தரும் மருந்து" என்று பதியச் சொல்லி ஜி.பி. அலுவலகத்துக்கு எழுத்தில் கொடுங்கள். வாயால் சொன்னால் நடக்காது. நான் சொல்லிப் பார்த்தேன். வீட்டில் பிரஷர் மெஷின் வாங்கி, ஊசிக்கு முன்பே சில நாள் அளவைக் குறித்து வையுங்கள். பழைய அளவு இல்லாமல் "முன்னாடி நன்றாக இருந்தது" என்றால் யாரும் காதில் வாங்குவதில்லை. மருந்தின் பக்கவிளைவை அரசுக்குத் தெரிவிக்கும் எல்லோ கார்டும் போடுங்கள். 1964ல் டாக்டர்களுக்காகத் தொடங்கிய திட்டம் அது. இப்போது நோயாளியே ஆன்லைனில் போடலாம். மருந்துதான் காரணம் என்று நிரூபிக்கத் தேவையில்லை, சந்தேகம் போதும். பல வருடம் போட்டால் என்ன ஆகும் என்பது இப்படிச் சேரும் தகவல்களிலிருந்துதான் தெரியவரும்.

நிறுத்திய மறுநாளே சரியாகிவிடும் என்று எதிர்பார்க்காதீர்கள். இந்த ஊசி உடலில் பாதியாகக் குறையவே ஏறக்குறைய 28 நாள் ஆகிறது; முழுக்க வெளியேற மாதங்கள் ஆகும். எனக்கு வயிறு மெதுவாகத்தான் வழிக்கு வந்தது.

இப்போது ஃப்ரெமனெசுமாபுக்கு மாற்றியிருக்கிறார்கள். அது சி.ஜி.ஆர்.பி.யையே பிடித்துக்கொள்ளும் வகை. தலைவலி கட்டுப்பாட்டில் இருக்கிறது, வயிற்றுத் தொல்லை இல்லை. ரத்த அழுத்தத்தை மட்டும் தொடர்ந்து குறித்து வருகிறேன். ஏனென்றால் 2025ல் எஃப்.டி.ஏ. ரத்த அழுத்த எச்சரிக்கையை இந்த வகை மருந்துகள் எல்லாவற்றுக்கும் விரித்துவிட்டது. கூடவே ரேனாட்ஸ் என்ற இன்னொன்றையும் சேர்த்தது: குளிரில் விரல் நுனி வெளுத்து மரத்துப்போவது. இங்கத்திய குளிர்காலத்தில் அதைச் சாதாரணம் என்று விட்டுவிடுவது சுலபம். விரல் வெளுத்தால் போட்டோ எடுத்து வைத்து, அடுத்த அப்பாயின்ட்மென்டில் காட்டுங்கள்.