கழுத்தில் ஊத்தை

“மிஸ், இவன்ர கழுத்தில ஒரே ஊத்தை. தும்பு போட்டுத் தேய்ச்சும் போகுதில்லை.”

அம்மம்மா சொன்னதோடு விடவில்லை. பேரனின் சேட் கொலரைப் பின்னால் இழுத்துக் காட்டினார். குடும்பநல உத்தியோகத்தரான நான் அந்த வீட்டுக்குப் போனது அவனைப் பார்க்க இல்லை. அவனுடைய தங்கச்சி பிறந்து 42 நாள், அந்த விசிட்டுக்குத்தான் போயிருந்தேன். பிள்ளையைப் பார்த்துவிட்டு, தாயை இரத்தச் சீனிப் பரிசோதனைக்கு அனுப்ப வேண்டியிருந்தது. இந்த வயிற்றிலும் அவளுக்குக் கர்ப்பகாலச் சலரோகம். பிள்ளை பிறந்ததும் சீனி இறங்கிவிட்டது என்று நம்பி, ஆறாவது வாரப் பரிசோதனையைத் தட்டிக்கழிக்கிற தாய்மார்தான் அதிகம்.

பையனின் பின்கழுத்தில் ஒரு விரல் அகலத்துக்குக் கறுப்புப் பட்டை. வெல்வெட் துணிபோல மடிப்பு மடிப்பாக இருந்தது. தேங்காய்த் தும்பு பட்டு இரண்டு இடத்தில் தோலும் உரிந்திருந்தது. அது ஊத்தை இல்லை. இன்சுலின் சரியாக வேலை செய்யாதபோது, உடம்பு அதை இன்னும் இன்னும் சுரந்து தள்ளும். அப்படி இரத்தத்தில் கூடிப்போகிற இன்சுலின் கழுத்திலும் கக்கத்திலும் தோலைத் தடிக்கவைத்துக் கறுக்கவைக்கும். அவனுக்கு வயது ஒன்பது. உயரம் 134 சென்ரிமீற்றர், நிறை 41 கிலோ.

வெட்கம் என்னவென்றால், அவனைப் பிறந்ததிலிருந்து நிறுத்தவள் நான்தான். பிறந்த நிறை 4.1 கிலோ. அப்போதும் தாய்க்குச் சலரோகம். அவனுடைய வளர்ச்சி அட்டையில் நான் வைத்த புள்ளிகள் ஒவ்வொன்றும் மேலே மேலே ஏறின. எனக்கோ கோடு கீழே சரிந்தால்தான் பதற்றம். 2009க்குப் பிறகு வன்னிக்கு மீளக்குடியேறி வந்த பிள்ளைகளை நிறுத்துப் பழகிய கண் இது. எலும்பு தெரிகிற பிள்ளையைத் தேடி, திரிபோஷா சத்துமாப் பக்கற்றோடு ஓடிய கால்கள். மொழுமொழுவென்று ஒரு பிள்ளை தராசில் தொங்கினால் “வடிவா வளருது” என்று சொல்லி அடுத்த பிள்ளையைக் கூப்பிடுவேன். அம்மம்மா வேறு, நாவூறு பட்டுவிடும் என்று நிறையை வாய்விட்டுச் சொல்ல விடமாட்டார். நானும் பேசாமல் எழுதிக் கொடுத்துவிடுவேன். அந்த நாவூறு எனக்கும் வசதியாகத்தான் இருந்தது.

அம்மம்மாவோடு வாதாட எனக்கு வாய் வராது. “சண்டை நேரம் மாத்தளனில கஞ்சிக்கு வரிசையில நிண்டனாங்கள் பிள்ளை. இவன் பசி தெரியாமல் வளரட்டும்” என்பார். அதற்கு என்னிடம் என்ன பதில் இருக்கிறது?

தாயின் இரத்தத்திலுள்ள சீனி தொப்புள்கொடி வழியே பிள்ளைக்குப் போகும், தாயின் இன்சுலின் போகாது. வந்து சேர்கிற சீனிக்குப் பிள்ளை தன் சொந்த இன்சுலினைச் சுரந்து, மிச்சத்தைக் கொழுப்பாகச் சேர்த்துக்கொள்ளும். அமெரிக்காவின் அரிசோனாவில் பீமா பழங்குடியினரிடம் இதைப் பார்த்திருக்கிறார்கள். ஒரே தாயின் பிள்ளைகளில், அவளுக்குச் சலரோகம் வருமுன் பிறந்தவர்களைவிட வந்தபின் பிறந்தவர்களுக்கு உடற்பருமன் கூடுதல், பிறகு சலரோகமும் கூடுதல். தகப்பனுக்குச் சலரோகம் வருமுன் பிறந்தவர்களுக்கும் வந்தபின் பிறந்தவர்களுக்கும் இடையில் அப்படி வித்தியாசம் தெரியவில்லை. அப்படியென்றால் பரம்பரை மட்டும் காரணமில்லை, கருப்பையிலேயே ஒரு பங்கு தொடங்கிவிடுகிறது.

மீதிப் பங்கு குசினியில் இருந்தது. தகப்பனுக்கும் 34 வயதில் சீனி வருத்தம். அவருக்குக் குரக்கன் புட்டும் முருங்கையிலை வறையும், சீனி போடாத தேத்தண்ணியும். பையனுக்குக் கோதம்பமாப் புட்டு, அதற்குள் சீனியும் வாழைப்பழமும். ஏன் இரண்டு சமையல் என்று கேட்டேன். “அவருக்குத்தானே மிஸ் வருத்தம்?” என்றாள் தாய். பிள்ளை பார்க்க வந்த சனம் கொண்டுவந்த பிஸ்கட் பெட்டிகள் அலுமாரியில் அடுக்கியிருந்தன. தகப்பன் தொடமாட்டார், தாயும் தொடக்கூடாது. அப்போ யார் தின்பது? சீனி திடீரென்று இறங்கினால் வாயில் போட அவர் சேட் பொக்கற்றில் எப்போதும் டொபி வைத்திருப்பார். “அப்பாக்குப் போன கிழமை அஞ்சு வாங்கினது. நாலு நான்தான்” என்றான் பையன், ஒளிக்காமல்.

டொபிக்குப் பதிலாகக் குளுக்கோசு வாங்கி, எட்டாத உயரத்தில் வைக்கச் சொன்னேன். தகப்பனின் குரக்கன் புட்டை எல்லோரும் சாப்பிடலாம், அது பத்தியம் இல்லை என்றேன். அவனைப் பட்டினி போடக்கூடாது, குண்டன் என்றும் யாரும் கூப்பிடக்கூடாது. நிறை இப்படியே நின்றாலே போதும், உயரம் வளர வளரக் கணக்குச் சரியாகிவிடும். சிறுபிள்ளை வைத்தியரின் கிளினிக்குக்குக் கடிதமும் எழுதிக் கொடுத்தேன். சோடாப் போத்தலில் சீனி கூட என்று காட்டுகிற சிவப்பு வட்டத்தைக் காட்டியதும் அவனுக்கு அது விளையாட்டாகிவிட்டது, கடையில் தானே தேடிப் பார்க்கிறானாம். ரியூசனுக்கு நடந்து போகச் சொன்னதுதான் எடுபடவில்லை. பொழுதுபட்டால் அந்த றோட்டில் யானை நிற்கும். தகப்பன் மோட்டார் சைக்கிளில்தான் ஏற்றி இறக்குகிறார். அதற்கு நான் என்ன சொல்ல?

இரண்டாம் மாதத் தடுப்பூசிக்குத் தங்கச்சியை அம்மம்மாதான் தூக்கி வந்தார். தாயின் பரிசோதனை முடிவு, தகப்பனின் கிளினிக் கொப்பி, பையனின் பழைய அட்டை எல்லாம் ஒரே சொப்பிங் பையில் இருந்தன. எல்லாவற்றையும் மேசையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். ஒன்பது வருடத்தில் முதல் தடவை.

பிள்ளையைத் தராசில் போட்டதும் அம்மம்மா வழக்கம்போல முள்ளைக் கையால் மறைத்தார்.

“கையை எடுங்கோ அம்மா. அஞ்சு கிலோ நூறு. அளவான நிறை.”

“ஐயோ, சத்தமாச் சொல்லிப்போட்டியள். வீட்ட போய் உப்பும் செத்தல் மிளகாயும் சுத்திப் போட வேணும்.”

“போடுங்கோ” என்றேன், புள்ளியை வைத்துக்கொண்டே.