ஸ்லைடிங்கா, கீல் ஜன்னலா?

தர்மபுரி வெயிலுக்கு ஜன்னல் போடும்போது, அது எவ்வளவு திறக்கும் என்பதைத்தான் முதலில் பார்க்க வேண்டும். பக்கவாட்டில் நகரும் இரண்டு கதவு கொண்ட நாலடி அகல ஸ்லைடிங்கில் காற்று வர இரண்டடிதான் கிடைக்கும். கீல் ஜன்னல் ஏறக்குறைய முழுசும் திறக்கும். படுக்கையறைக்கு என் ஓட்டு கீலுக்கே. ஆள் நடமாடும் வழிப் பக்கம் மட்டும் ஸ்லைடிங், தலையில் இடிக்காது. கொசுவலை வேண்டுமென்றால் மூன்று டிராக் (கதவு நகரும் தடம்) என்று ஆர்டரிலேயே சொல்லிவிடுங்கள்.

ஸ்லைடிங்கில் மழைநீர் உள்ளே வந்தால் சட்டத்தைச் சுற்றி இடைவெளி அடைக்கும் சிலிக்கான் பசையை உடனே குறை சொல்ல வேண்டாம். கீழ் டிராக்கின் வடிகால் துளையைப் பூச்சுச் சிமென்ட்டோ தூசியோ அடைத்திருக்கும்.

ஜன்னலடியில் கிருஷ்ணகிரி கிரானைட் போடுகிறீர்களா? வெளிப்பக்கம் லேசான சரிவு, சுவரைத் தாண்டி ஒன்றரை அங்குலம் நீட்டல், நீட்டிய கல்லின் அடியில் ஒரு காடி (நீளவாக்கில் சிறு பள்ளம்). காடி இல்லாவிட்டால் தண்ணீர் கல்லின் அடியைப் பிடித்தே ஓடிச் சுவரை ஊறவைக்கும்.