ஆல்பேட்டை பாலமும் என் வண்டியின் ஸ்பிரிங்கும்

கடலூரிலிருந்து புதுச்சேரிக்குப் போகிறவர்கள் யாரும் ஆல்பேட்டை பாலத்தை ஒரு பொருட்டாக நினைப்பதில்லை. கீழே தென்பெண்ணை. தண்ணீர் இருந்தால் ஒரு பார்வை, இல்லாவிட்டால் அதுவும் இல்லை. நான் மட்டும் அந்தப் பாலத்தை முதுகெலும்பால் எண்ணிக்கொண்டே கடப்பேன். ஒவ்வொரு இணைப்பிலும் முன் சக்கரம் "டக்" என்னும், அடுத்த நொடி பின்னால் மூன்று சக்கரமும் சேர்ந்து "தடால்" என்னும். பாலம் முடியும்போது பல்லைக் கடித்துக் கடித்துத் தாடை வலிக்கும்.

வண்டியைச் சொல்லிவிடுகிறேன். சாதாரண கியர் இல்லாத ஸ்கூட்டர்தான். பின்னால் இரண்டு பக்கமும் இணைப்புச் சக்கரம் வைத்தது. ஊரில் எல்லோரும் மூணு சக்கர வண்டி என்பார்கள். எண்ணிப் பார்த்தால் நான்கு. ஸ்கூட்டரின் சொந்தப் பின்சக்கரம் நடுவில் அப்படியே இருக்கும். இன்ஜின் ஓட்டுவது அதை மட்டும்தான், பக்கத்து இரண்டும் துணைக்கு வருகின்றன. நான் 1974-ல் பிறந்தவன். போலியோ சொட்டு மருந்து முகாம் நாடு முழுக்கத் தொடங்கியது 1995-ல். அதற்குள் என் வலது கால் தன் வளர்ச்சியை முடித்துக்கொண்டு பல வருடம் ஆகியிருந்தது. ஆர்.சி.யில் என் வண்டிக்கு 'இன்வேலிட் கேரியேஜ்' என்று பெயர். 1988 மோட்டார் வாகனச் சட்டத்தில் இருந்த பெயர் அது. 2019 திருத்தத்தில் 'அடாப்டட் வெஹிக்கிள்' என்று மாற்றிவிட்டார்கள், என் ஆர்.சி.யில் இன்னும் பழையதுதான். விளையாட்டாகத் தமிழில் சொன்னால் 'செல்லாத வண்டி'. செல்லாத வண்டி மாதம் நாலைந்து தடவை புதுச்சேரி சென்று வருகிறது. போக 22 கிலோமீட்டர் சொச்சம், வர அதே.

இரண்டு சக்கரக்காரர்களுக்கு ஒரு வசதி உண்டு. பள்ளம் தெரிந்தால் ஒதுங்கிவிடலாம். எங்களுக்குத் தரையில் மூன்று தடம். முன் சக்கரத்தைக் காப்பாற்றினால் இடது சக்கரம் போய் விழும், இடதைக் காப்பாற்றினால் வலது. ஒரு பக்கம் மட்டும் இறங்கினால் வண்டியே ஆடும். பல்லக்கு தூக்குகிறவர்களில் ஒருவன் இடறினால் உள்ளே இருப்பவருக்கு எப்படி இருக்குமோ, அப்படி. அதோடு வளைவில் இந்த வண்டி சாயாது. பைக் ஓட்டுகிறவன் உடம்போடு சேர்ந்து சாய்ந்து திரும்புவான். நாங்கள் நிமிர்ந்தபடியே திரும்புவோம், உடம்பு வெளிப்பக்கம் தள்ளப்படும். வழவழ ரெக்சின் சீட்டில் இடுப்பு நழுவும். வலது காலை ஊன்றிப் பிடிக்க எனக்கு முடியாது. அதனால் கைப்பிடியை இறுக்கிப் பிடிப்பேன். வலி இடுப்பில் தொடங்கித் தோளில் முடியும்.

முதலில் செய்தது முட்டாள்தனம். கடையில் மெத்தென்று ஒரு ஸ்பாஞ்ச் மெத்தை வாங்கி சீட்டின் மேல் கட்டினேன். தெருமுனை வரை சொர்க்கம். கன்னியக்கோயில் வருவதற்குள் ஸ்பாஞ்ச் அப்பளமாக அமுங்கி, எலும்பு நேராகத் தட்டில் உட்கார்ந்துவிட்டது. போதாததற்கு உயரம் கூடியதால் ஆட்டமும் கூடியது. திரும்பி வரும்போது அதைக் கழற்றி முன்னால் கால் வைக்கும் இடத்தில் போட்டுக்கொண்டு வந்தேன்.

ஸ்பிரிங்கைப் பார்க்கத் தோன்றியது தேவனாம்பட்டினம் புண்ணியத்தில். சில்வர் பீச் ஓரமாக வண்டியை மணல் மேட்டில் ஏற்றிவிட்டேன். பக்கத்துச் சக்கரங்கள் இரண்டும் மேட்டில், நடுச் சக்கரம் பள்ளத்துக்கு மேலே. ஆக்சிலேட்டரைத் திருகினால் நடுச் சக்கரம் காற்றாடி மாதிரி சும்மா சுற்றுகிறது, வண்டி நகரவே இல்லை. சுண்டல் தின்றுகொண்டிருந்த நாலு பையன்கள் வந்து தள்ளிவிட்டார்கள். "அண்ணே, பின்னாடி டயர் தரையவே தொடல" என்றான் ஒருவன். அவன் போன பிறகும் அது மண்டைக்குள் ஓடிக்கொண்டே இருந்தது.

மஞ்சக்குப்பத்தில் எனக்குத் தெரிந்த மெக்கானிக் ஒருவர், என்னைவிடச் சின்னவர். வண்டியைச் சமதரையில் நிறுத்தி என்னை ஏறி உட்காரச் சொன்னார். நடுச் சக்கரத்துக்கு அடியில் ஏற்கெனவே ஒரு பழைய செய்தித்தாள் மடிப்பு வைத்திருந்தார். அதைப் பிடித்து இழுத்தார். கிழியாமல் முழுசாக வந்துவிட்டது!

"பாத்தீங்களாண்ணே. வெயிட்டு பூரா சைடு வீல் மேல நிக்குது. நடு வீலு வேடிக்கை பாக்குது."

வண்டிக்கு இணைப்புச் சக்கரம் பொருத்தியவர்கள் கவிழக்கூடாது என்ற ஒரே கவலையில் பக்கத்துக்குக் கல் மாதிரி ஸ்பிரிங் போட்டுவிட்டார்கள். எந்தப் பட்டறை என்று சொல்வதில் பயன் இல்லை, பல இடத்திலும் இதே கதைதான். கல் ஸ்பிரிங் இருந்தால் மூன்று விஷயம் நடக்கும். குலுக்கல் அப்படியே சட்டத்துக்கு ஏறும். நடுச் சக்கரத்துக்குப் பிடிப்பு குறையும். ஸ்கூட்டர் கம்பெனி கொடுத்த நல்ல ஷாக் அப்சார்பர் அமுங்க வேலையே இல்லாமல் சும்மா நிற்கும். போதாக்குறைக்கு என் பக்கத்து ஷாக் அப்சார்பர் இரண்டிலும் ஆயில் கசிந்து வற்றிப்போயிருந்தது. ஆயில் இல்லாத ஷாக் என்றால் வெறும் ஸ்பிரிங். அமுங்கினதும் அதே வேகத்தில் திருப்பி அடிக்கும்.

காசில்லாத வைத்தியத்தை முதலில் செய்தார். பக்கத்து டயர்களில் 36 பி.எஸ்.ஐ. காற்று இருந்தது. 24-க்கு இறக்கினார். அதிலேயே கால்வாசிக் குலுக்கல் போனது என்பேன். காற்றைப் பார்க்காமல் இத்தனை வருடம் முதுகுக்குத் தைலம் வாங்கியிருக்கிறேன்.

அப்புறம் ஷாக் அப்சார்பர். ஆயில் உள்ள, ஸ்பிரிங்கின் இறுக்கத்தை ஐந்து நாட்சில், அதாவது ஐந்து நிலைகளில், கூட்டிக் குறைக்கக்கூடிய ஒரு ஜோடி. ரப்பர் புஷ், கூலி எல்லாம் சேர்த்து 3,400 ரூபாய். பின் அச்சின் அகலத்தையும் பற்றவைத்த சட்டத்தையும் தொடக்கூடாது என்பதில் நான் கறாராக இருந்தேன். அது ஆர்.டி.ஓ. பார்த்து ஒப்புக்கொண்ட அமைப்பு. மாற்றினால் மறுபடி ஆபீஸ் படியேற வேண்டும். படி என்பது எனக்குப் பேச்சுக்குச் சொல்வதல்ல.

முதலில் இரண்டு பக்கமும் இரண்டாவது நாட்ச். என்னை உட்கார வைத்துச் செய்தித்தாளை இழுத்தார், பாதி வந்து கிழிந்தது. ஒரு நாட்ச் குறைத்தார். இந்த முறை பிடித்த துண்டு மட்டும் கையோடு வந்தது. "இப்ப சரி" என்றார். ஆனால் ரோட்டில் ஓட்டிப் பார்த்தால் வண்டி இடது பக்கமாகவே சாய்ந்து போனது. மழைத் தண்ணீர் வடியச் சாலையை ஓரத்துக்குச் சரிவாகத்தானே போடுகிறார்கள்? நாம் போவது இடது ஓரம். இரண்டு சக்கர வண்டி சரிவைப் பற்றிக் கவலைப்படாமல் நேராக நிற்கும். மூன்று தடம் உள்ளது சாலையோடு சேர்ந்து சரியும். இவ்வளவு நாள் இடது இடுப்பில் மட்டும் ஏன் அதிக வலி என்பதற்குப் பதில் அதுதான். இடது ஸ்பிரிங்கை மட்டும் ஒரு நாட்ச் ஏற்றினோம். சமதரையில் பார்த்தால் இப்போது வண்டி லேசாக வலது பக்கம் சாய்ந்த மாதிரி தெரியும். சாலையில் இறங்கினால் நேராகிவிடும்.

மறுநாள் காலை புதுச்சேரிக்குக் கிளம்பினேன், வண்டியின் சீட்டைச் சரிசெய்ய. ஆல்பேட்டை பாலத்தில் "தடால்" போய் "தொப்" ஆகியிருந்தது. முள்ளோடை தாண்டி மாநிலம் மாறியதும் வழக்கம்போல் பெட்ரோல் போட்டேன். கடலூர் விலையைவிடக் குறைவு என்பதால் எங்கள் ஊர் வண்டிகள் பாதி அங்கேதான் வயிற்றை நிரப்பும். கிருமாம்பாக்கம், தவளக்குப்பம், நோணாங்குப்பத்தில் சுண்ணாம்பாறு. இந்தப் பாலத்திலும் எண்ணிப் பார்த்தேன், பாதியில் எண்ணிக்கை மறந்துவிட்டது.

முதலியார்பேட்டையில் ஒரு பாய், கார் சீட்டும் பைக் சீட்டும் தைப்பவர். வயது எழுபதுக்குப் பக்கம். சீட்டைக் கழற்றிவிட்டால் எனக்கு நகர வழியில்லை. ஒரு ஸ்டூலைப் போட்டார். நாலு மணி நேரம் அதிலேயே உட்கார்ந்து அவர் கையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

கழற்றுவதற்கு முன்னால் கறுப்பு ரெக்சின் மேல் சாக்பீஸ் தூளைத் தூவினார். "உக்காருங்க தம்பி. அசையாதீங்க. அப்படியே மேல எழுந்திரிங்க." மனைவியின் தோளைப் பிடித்து எழுந்து பழகியவன், பாயின் தோளைப் பிடித்து எழுந்தேன். தூளில் இரண்டு வட்டம் விழுந்திருந்தது. இடது வட்டம் ஆழமாக, தூள் முழுதும் ஒட்டிக்கொண்டு போய் ரெக்சின் பளபளவென்று தெரிந்தது. வலது வட்டம் மங்கல், அதுவும் இரண்டு விரல்கடை முன்னால் தள்ளி. ஐம்பது வருடமாக நான் கோணலாக உட்காருகிறேன் என்பதை எந்த டாக்டரும் இவ்வளவு தெளிவாக எனக்குக் காட்டியதில்லை.

பாய் அதைப் பற்றி எதுவும் சொல்லவில்லை. பேனாவால் இரண்டு வட்டத்தையும் சுற்றிக் கோடு போட்டார். ரெக்சினை உரித்து, துருப்பிடித்த பின்களை ஒவ்வொன்றாக நெம்பி எடுத்தார். பழைய ஃபோமை அழுத்திக் காட்டினார், விரல் அடித்தட்டைத் தொட்டது. "மெத்துனு இருந்தா உக்காரத்தான் சொகம், ஓட்டறதுக்கு இல்ல" என்றார். என் ஸ்பாஞ்ச் கதையை அவரிடம் நான் சொல்லியிருக்கவில்லை.

அடியில் ரீபாண்ட் ஃபோம், நாலு சென்டிமீட்டர். துண்டு ஃபோம்களை அழுத்தி ஒட்டிச் செய்வது, பல நிறத்தில் புள்ளி புள்ளியாக இருக்கும், கட்டி. அதற்கு மேல் இரண்டு சென்டிமீட்டர் மிருதுவான ஃபோம். வலது வட்டத்துக்கு அடியில் மட்டும் ஒரு சின்னத் துண்டைக் கூடுதலாக வைத்து, ஓரம் தெரியாமல் ஆக்சா பிளேடால் சீவினார். பிறகு கிரைண்டரில் உப்புத்தாள் வட்டைப் போட்டு ஓடவிட்டார். மஞ்சள் தூள் கடை முழுக்கப் பறந்து என் சட்டையிலும் டீயிலும் விழுந்தது. சீட்டின் முன் முனையை ஒரு விரல் உயர்த்தச் சொன்னேன், பிரேக் பிடித்தால் நழுவாமல் இருக்க. இரண்டு ஓரத்திலும் சின்னதாகக் கரை கட்டினார். வளைவில் இடுப்பைப் பிடித்து நிறுத்துவது அந்தக் கரைதான். மேலே வழுக்காத சொரசொரப்பான துணி. கறுப்பு வேண்டாம், சாம்பல் போடுங்கள் என்றேன். கடலூர் வெயிலில் நிற்கும் கறுப்பு சீட்டில் உட்கார்ந்தவனுக்குத்தான் அதன் காரணம் புரியும். பின்னால் இடுப்பு உயரத்துக்கு ஒரு சாய்மானமும் பொருத்தினார். எல்லாம் சேர்த்து 2,200.

மூன்று மணிக்குக் கிளம்பி முருங்கப்பாக்கம் தாண்டி அரியாங்குப்பம் வந்ததும் அரிக்கமேட்டுக்குத் திருப்பினேன். அங்கே பார்க்கப் பெரிதாக ஒன்றும் இல்லை. மாமரங்கள், ஆற்றங்கரை, ஒரு பழைய செங்கல் கட்டிடத்தின் மிச்சம். 1945-ல் தொல்லியலாளர் மார்ட்டிமர் வீலர் தோண்டி, ரோமானியப் பானை ஓடுகளை வைத்து இந்த இடத்தின் காலத்தைக் கணக்கிட்டார். அவர் பெயரே வீலர் என்பதால் த்ரீ வீலர்காரனான எனக்கு அவர்மேல் தனிப் பாசம். முன்பு ஒரு முறை வந்து, உள்ளே போகும் மண் பாதையைப் பார்த்துப் பயந்து, வாசலோடு திரும்பியிருக்கிறேன்.

இந்த முறை இறக்கினேன். பாதை நடுவில் வண்டித் தடம் அறுத்த பள்ளம், இரண்டு பக்கமும் மேடு. சில்வர் பீச்சில் மாட்டியது போலவே. மெதுவாக ஆக்சிலேட்டர் கொடுத்தேன். பக்கத்து ஸ்பிரிங் இரண்டும் அமுங்கி, நடுச் சக்கரம் பள்ளத்தில் இறங்கி மண்ணைப் பிடித்தது. வண்டி முனகிக்கொண்டே ஏறிவிட்டது. மாமர நிழலில் நிறுத்தி, இறங்காமல் அப்படியே சாய்ந்து அரை மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். இறங்க வேண்டும் என்றே தோன்றவில்லை.

இருட்டுகிற நேரத்தில் ஆல்பேட்டை. வலி அறவே இல்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் எப்போதும் தோளில் போய் முடிவது அன்று இடுப்போடு நின்றுவிட்டது. 40-க்கு மேல் போவதில்லை என்ற பழைய விதியை மாற்றவும் இல்லை. ஸ்பிரிங் மாற்றினாலும் இந்த வண்டி வளைவில் சாயப்போவதில்லை.

வீட்டு வாசலில் மனைவி வந்து சீட்டைத் தடவிப் பார்த்தாள். சாம்பல் நிறம் பிடித்தது. பின்னால் ஏறி உட்கார்ந்தாள், ஒரு நிமிடம் ஒன்றும் பேசவில்லை.

"இந்தச் சாய்மானம் என் முட்டியில இடிக்குதே. நான் எங்க உக்காரறது?"

அதை நானும் யோசிக்கவில்லை, பாயும் கேட்கவில்லை. மடக்குகிற மாதிரி கீல் வைக்க முடியுமா என்று அவருக்குப் போன் போட்டேன். சனிக்கிழமை கொண்டு வரச் சொல்லியிருக்கிறார், அவளையும் கூட்டிக்கொண்டு.