பேங்க் சில்லறை பாக்கெட்டுல வெள்ளி காசு வருமா?

கடைக்கு வர்றவங்க நெறைய பேர் கேக்கறாங்க, பேங்க்ல சில்லறை வாங்கி கொட்டி தேடுனா வெள்ளி காசு ஆப்டுமான்னு. நேரா சொல்லிடறேன், நம்ம ஊர்ல ஆப்டாது, அமெரிக்காவுல ஆப்டும். நம்ம ஊர்ல வெள்ளி காசு இருக்கற எடமே வேற, அது தெனமும் உருகிப் போய்க்கினு இருக்கு, அத பத்தி எழுதணும்னு ரொம்ப நாளா மனசுல கெடக்கு, அதுக்கு முன்னாடி பேங்க் சமாச்சாரத்த முடிச்சிடறேன்.

எங்க அக்கா பையன் நியூஜெர்சில இருக்கான், அவனுக்கு இது தான் பொழுதுபோக்கு. அங்க பேங்க்ல சில்லறைய பேப்பர் சுத்தி ரோலா குடுப்பாங்க, அரை டாலர்னா ஒரு ரோல்ல 20 காசு, கால் டாலர்னா 40, பத்து சென்ட்னா 50. இவன் சனிக்கிழம போய் ரோலா வாங்கிக்கினு வந்து ஹால்ல ஒக்காந்து பிரிப்பான். 1964 வரைக்கும் தேதி போட்ட பத்து சென்ட், கால் டாலர், அரை டாலர் எல்லாம் 90 சதவீதம் வெள்ளி, 1965ல சட்டம் கொண்டாந்து பத்து சென்ட்லயும் கால் டாலர்லயும் வெள்ளிய மொத்தமா எடுத்துட்டாங்க, அரை டாலர்ல மட்டும் 1970 வரைக்கும் 40 சதவீதம் வச்சிருந்தாங்க. அதனால அரை டாலர் ரோல் தான் அவனுக்கு மொத குறி, ஏன்னா அந்த காசு கடை கண்ணில அதிகமா பொழங்கறது இல்ல, எவனோ ஒருத்தன் அவங்க தாத்தா பொட்டில இருந்தத வருஷம் கூட பாக்காம பேங்க்ல கட்டிட்டு போவான், அது அப்படியே ரோல்ல சுத்தி இவன் கைக்கு வரும். அஞ்சு சென்ட்லயும் 1942ல இருந்து 45 வரைக்கும் யுத்த நேரத்துல அடிச்சதுல 35 சதவீதம் வெள்ளி இருக்கு, பின்பக்கம் இருக்கற கட்டட படத்துக்கு மேல பெரிய எழுத்து ஒண்ணு இருந்தா அது தான்.

அவன் காசோட மொகத்த பாக்கறதே இல்லயாம், ஓரத்த பாப்பானாம். இப்போ வர்ற கால் டாலர் ஓரத்துல நடுவுல செம்பு கோடு தெரியும், வெள்ளின்னா ஓரம் முழுக்க வெள்ளையா இருக்கும், வரிசையா அடுக்கி வச்சா அது ஒண்ணு மட்டும் தனியா கண்ணுல படும். மிச்ச காசெல்லாம் வேற பேங்க்ல கட்டிடுவான், பத்து டாலருக்கு வாங்குனது பத்து டாலருக்கே போவும், நேரம் தவிர ஒண்ணும் நஷ்டம் இல்ல. "மாமா ஒண்ணு சிக்கிச்சு மாமா"ன்னு நம்ம ஊர் காலைல அவன் போன் பண்ணா எனக்கு அன்னைக்கு கடைல வேலையே ஓடாது, அவ்ளோ சந்தோஷம்.

அங்க கெடைச்சு இங்க கெடைக்காததுக்கு காரணம் ஒண்ணு தான். 1964 கால் டாலர் இன்னைக்கும் அங்க செல்லும். நம்ம வெள்ளி ரூபா செல்லாது. 1835ல இருந்து இங்க ஒரு ரூபான்னா 11.66 கிராம், அதாவது அந்த காலத்து எடைல சரியா ஒரு தோலா, அதுல 91.7 சதவீதம் வெள்ளி. அந்த எடையே நம்ம மெட்ராஸ்ல இருந்து போனது தான், இங்க அடிச்சிக்கினு இருந்த 180 கிரெய்ன் (அதே 11.66 கிராம்) ரூபாவ தான் கிழக்கிந்திய கம்பெனிக்காரன் எல்லா ஊருக்கும் பொதுவா வச்சான். ரெண்டாம் உலக யுத்தம் வந்ததும் ஜனங்க வெள்ளிய பதுக்க ஆரம்பிச்சாங்க, 1940ல வெள்ளிய பாதியா கொறச்சிட்டாங்க, பழைய ராணி காசு ராஜா காசெல்லாம் ஒண்ணொண்ணா செல்லாதுன்னு அறிவிச்சு திருப்பி வாங்கிட்டாங்க, அப்பறம் 1946ல இருந்து வெள்ளியே இல்லாம சுத்த நிக்கல்ல அடிச்சாங்க. இதுல என்ன விஷயம்னா யுத்தத்துல அமெரிக்கா நமக்கு வெள்ளி கடனா குடுத்திருக்கான், அத திருப்பி குடுக்கறதுக்கு அந்த பாதி வெள்ளி ரூபாயெல்லாம் புழக்கத்துல இருந்து இழுத்து உருக்கியிருக்காங்க. எங்க பையன் கிட்ட இத சொன்னப்போ ரொம்ப நேரம் பேசாம இருந்தான், அப்பறம் "அப்போ நம்ம ஊரு ரூபா தான் இங்க வந்துச்சா மாமா"ன்னு கேட்டான்.

சரி நம்ம பேங்க் பாக்கெட். நம்ம ஊர்ல பேப்பர் ரோல் கெடையாது, பாலிதீன் பாக்கெட்ல நூறு நூறா போட்டு தான் கட்டுவாங்க வாங்குவாங்க, ரிசர்வ் பேங்க்கே அப்படி கொண்டாந்தா சவுகரியம்னு சொல்லியிருக்கு. காசு அடிக்கற மிண்ட்ல இருந்து சீல் வச்சு வர்ற மூட்டைய வாங்காதீங்க, அதுல எல்லாமே ஒரே வருஷத்து புது காசு, தேடறதுக்கு ஒண்ணும் இல்ல. கோயில் உண்டியல் எண்ணி கட்டுனது, கடைக்காரங்க கட்டுனது, அந்த பாக்கெட் தான் வேணும்னு கேஷியர் கிட்ட தன்மையா கேளுங்க. சில்லறை போனா போதும்னு இருக்கறவங்க சந்தோஷமா குடுப்பாங்க. எனக்கு வேலூர் தோட்டப்பாளையத்துல மளிகை கடை, அதனால ஏன் இவ்ளோ சில்லறைன்னு யாரும் கேக்கறது இல்ல.

அதுல வெள்ளி வராது, ஆனா நல்ல உலோகம் வரும். பழைய தடி அஞ்சு ரூபா ஞாபகம் இருக்கா, 1992ல வந்தது, 9 கிராம், முக்கால் பங்கு செம்பு கால் பங்கு நிக்கல். ஒரு காசுல ஆறே முக்கால் கிராம் செம்பு, ரெண்டே கால் கிராம் நிக்கல், இன்னைக்கு வெலைக்கு கணக்கு போட்டா அஞ்சு ரூபாய தாண்டும், அதனால தான் அது கண்ணுல படறது கொறஞ்சு போச்சு, எல்லைய தாண்டி போய் பிளேடு ஆச்சுன்னு பேப்பர்லயே வந்துச்சு. பதினோரு மூலை இருக்கற ரெண்டு ரூபாயும் அதே செம்பு நிக்கல் தான், 6 கிராம். ஆனா ஒண்ணு, இத உருக்கி வித்தா என்னான்னு யோசிக்கவே யோசிக்காதீங்க, 2011 நாணய சட்டத்துல காச உருக்கறது அழிக்கறது எல்லாம் குத்தம், ஏழு வருஷம் வரைக்கும் ஜெயில். அமெரிக்காவுலயும் 1982க்கு முன்னாடி அடிச்ச 95 சதவீத செம்பு சென்ட்ட உருக்க தடை இருக்கு, எங்க பையன் சும்மா ஜாடில போட்டு வச்சிருக்கான்.

எனக்கு பாக்கெட்ல தேடறதுக்கு புடிச்சது எங்க அடிச்ச காசுன்னு பாக்கறது தான். வருஷத்துக்கு கீழ பாருங்க, டைமண்ட் இருந்தா பம்பாய், நட்சத்திரம் இருந்தா ஐதராபாத், ரவுண்ட் புள்ளி இருந்தா நொய்டா, ஒண்ணுமே இல்லன்னா கல்கத்தா. 2000ம் வருஷத்து அஞ்சு ரூபால மாஸ்கோல அடிச்சு வாங்குனது இருக்கு, ரஷ்ய எழுத்துல சின்ன குறி இருக்கும். அப்பறம் நம்ம ஆளுங்க காசு, 1995ல தஞ்சாவூர் உலகத் தமிழ் மாநாட்டுக்கு போட்ட திருவள்ளுவர் காசு, காமராஜர் அஞ்சு ரூபா, 2009ல அண்ணா அஞ்சு ரூபா, 2010ல தஞ்சாவூர் பெரிய கோயில் ஆயிரம் வருஷத்துக்கு போட்டது. இதெல்லாம் லட்ச ரூபாய்க்கு போவாது. ஆனா காட்பாடி டோல்ல குடுத்த மிச்ச சில்லறைல திருவள்ளுவர் வந்தா அத நான் செலவு பண்ண மாட்டேன்.

இப்போ முக்கியமான விஷயத்துக்கு வரேன். வேலூர்ல வெள்ளி ரூபா இருக்கறது பேங்க்ல இல்ல, அணைக்கட்டு, ஒடுகத்தூர், குடியாத்தம் பக்கம் ஆயாங்க வச்சிருக்கற சுருக்கு பையிலயும் தகர பொட்டிலயும் தான். பேத்திக்கு கொலுசு போடணும்னு பஸ் ஏறி வந்து பஜார்ல குடுத்துட்டு போறாங்க. அங்க அத யாரும் காசா பாக்கறது இல்ல, தராசுல போட்டு, பழசு, அழுக்கு, இவ்ளோ கழிவுன்னு சொல்லி எடைக்கு வாங்கி, சாயங்காலம் மத்த உடைஞ்ச கொலுசு அரைஞாணோட சேத்து உருக்கிடறாங்க. நூறு நூத்தம்பது வருஷம் கைமாறி கைமாறி வந்த காசு, பத்து நிமிஷத்துல கட்டி ஆயிடுது.

எனக்கு தெரிஞ்ச பத்தர் ஒருத்தர் இருக்காரு, வயசானவரு, நல்ல மனுஷன். அவர் கிட்ட ஒரு நாள் ஒக்காந்திருக்கறப்போ ஒரு ஆயா துணி முடிச்ச அவுத்து கொட்டுச்சு, அதுல விக்டோரியா ராணி காசு, மொட்ட தலை எட்வர்ட் காசு, கிரீடம் வச்ச அஞ்சாம் ஜார்ஜ் காசு எல்லாம் கலந்து கெடக்கு, நடுவுல ஒரு 1911. எனக்கு கை நடுங்கிடுச்சு. 1911 அஞ்சாம் ஜார்ஜ் ரூபால ராஜா மேலங்கில ஒரு யானை இருக்கும், ஆனா தும்பிக்கை குட்டையா போயி பாக்க பன்னி மாதிரி தெரியும், முஸ்லிம் ஜனங்க அத தொட மாட்டேன்னு சொல்லி பெரிய பிரச்சினை ஆயி, கவர்மெண்ட் திருப்பி வாங்கி உருக்கிட்டு 1912ல யானைய திருத்தி அடிச்சாங்க. அதனால 1911 ரூபா தப்பிச்சது கொஞ்சம் தான். அந்த ஆயா கிட்ட "ஆயா, இது ஒண்ண மட்டும் எடைக்கு குடுக்காத, இதுக்கு மதிப்பு வேற"ன்னு சொன்னேன், அது "யப்பா, எனக்கு இன்னாத்துக்கு அது, கொலுசுக்கு ஆவுமா ஆவாதா"ன்னு கேக்குது. பத்தர் சிரிச்சுக்கினே "தம்பி, நீ சொல்றது நெசம்னா நீயே வாங்கிக்க, எனக்கு எடைக்கு எடை வெள்ளி வந்தா போதும்"னாரு. வெள்ளி வெலைக்கு மேலயே அந்த ஆயா கைல குடுத்தேன், அவங்களுக்கு கொலுசும் ஆச்சு, கைல பணமும் மிஞ்சிச்சு. அன்னைல இருந்து அந்த பத்தர் காசு வந்தா தனியா ஒரு கிண்ணத்துல போட்டு வைக்கறாரு, நான் போய் பாத்தப்பறம் தான் உருக்கறாரு. பஜார்ல இன்னும் நாலு பேரு இப்படி ஒரு கிண்ணம் வச்சா போதும், எவ்ளோ காசு பொழைக்கும்.

வீட்டுல இருக்கறது வெள்ளியா இல்லயான்னு பாக்க பெரிய மிஷின் வேணாம், ஒரு காந்தமும் கிராம்ல பாய்ண்ட் ரெண்டு எடம் காட்டற சின்ன தராசும் போதும். 1947 போட்டு பின்னாடி புலி நடக்கற ரூபாய நெறைய பேர் வெள்ளின்னு நம்பி வச்சிருக்காங்க, காந்தம் வச்சா கப்புனு ஒட்டும், அது நிக்கல். 1940ல இருந்து 45 வரைக்கும் உள்ளது ஒட்டாது, ஆனா பாதி வெள்ளி தான், 11.66 கிராம்ல 5.83 கிராம். அதுக்கு முன்னாடி உள்ளது நல்ல வெள்ளி, 10.69 கிராம் தேறும், தேய்ஞ்சிருந்தா கொஞ்சம் கொறையும். கல்லு மேல போட்டா மணி மாதிரி இழுத்து சத்தம் வரும். தயவு செஞ்சு புளி போட்டோ விபூதி போட்டோ தேய்க்காதீங்க, அந்த கருப்பு படிஞ்சது தான் அதோட வயசு, பளபளன்னு ஆக்குனா சேகரிக்கறவங்க பாதி வெலைக்கு தான் கேப்பாங்க.

இந்த தொழில்ல ஏமாத்தறவங்க இருக்காங்க, அதயும் சொல்லணும். 1818னு போட்டு ராமர் பட்டாபிஷேகம், அனுமார் இருக்கற "அரை அணா" காச காட்டி அரிசிய தன் பக்கம் இழுக்கற சக்தி இருக்கு, இரிடியம் இருக்குதுன்னு சொல்லுவாங்க, கம்பெனிக்காரன் 1818ல அப்படி ஒரு அரை அணா அடிக்கவே இல்ல, அது கோயில் டோக்கன், சாமி ரூம்ல வைக்கலாம், அவ்ளோ தான். வைஷ்ணோ தேவி படம் போட்ட அஞ்சு ரூபா காசுக்கு பத்து லட்சம் தரேன், மொதல்ல ரிஜிஸ்ட்ரேஷன் பணம் கட்டுன்னு போன் வந்தா கட் பண்ணிடுங்க, இந்த மாதிரி யாருக்கும் நாங்க அனுமதி குடுக்கலன்னு ரிசர்வ் பேங்க் 2021ல அறிவிப்பே போட்டாங்க. இன்னொண்ணு, வெளிநாட்டுல இருக்கற பசங்களுக்கு ராணி காசு குடுத்து அனுப்பாதீங்க. நூறு வருஷம் தாண்டுன காசு 1972 சட்டப்படி தொல்பொருள், நாட்ட விட்டு வெளிய எடுத்துட்டு போக கூடாது. எங்க பையன் ஆசையா கேட்டான், நான் அனுப்பல, லீவுக்கு வர்றப்போ இங்க ஒக்காந்து பாத்துக்கறான்.

எனக்கு இன்னும் ஆப்டாதது ஒண்ணு இருக்கு, ஆற்காடு ரூபா. நம்ம ஆற்காடு பேர்ல, நம்ம ஊரு நவாப் காலத்து காசு, மெட்ராஸ்ல இங்கிலீஷ்காரனும் பாண்டிச்சேரில பிரெஞ்சுக்காரனும் அதே பேர போட்டு அடிச்சு வங்காளம் வரைக்கும் பொழங்குனது. ராஜா தலை இருக்காது, பாரசீக எழுத்து தான் இருக்கும், சின்னதா தடியா, ரவுண்டும் முழுசா இருக்காது, அதனாலயே யாரும் காசுன்னு நெனைக்காம மொதல்ல உருக்கற குவியல்ல போட்டுடறாங்க. தாமரைப்பூ மாதிரி குறி இருந்தா மெட்ராஸ், பிறை இருந்தா பாண்டிச்சேரி. வாலாஜா, ராணிப்பேட்டை, ஆற்காடு, கலவை பக்கம் யார் வீட்டு பொட்டிலயாவது இந்த மாதிரி இருந்தா விக்க கூட வேணாம், கடைக்கு குடுக்கறதுக்கு முன்னாடி ரெண்டு பக்கமும் ஒரு போட்டோ எடுத்து எனக்கு அனுப்புங்க, என்ன காசு, எங்க அடிச்சது, என்ன வெலை கேக்கலாம்னு எனக்கு தெரிஞ்ச வரைக்கும் சொல்றேன்.