மணப்பாட்டுக் குகையில் ஒரு வாய் நல்ல தண்ணீர்

2017 நவம்பர் கடைசியில் ஒக்கிப் புயல் அடித்தபோது என் தம்பி ஆழ்கடலில் இருந்தான். குமரி மாவட்டக் கரையில் அந்த நாள்களை எப்படிக் கடந்தோம் என்பதை எங்கள் பக்கத்து ஆட்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. பையன் உயிரோடு வந்தால் தூத்துக்குடி மாவட்டக் கடற்கரையில் இருக்கிற மணப்பாட்டுத் திருச்சிலுவை ஆண்டவரிடம் கூட்டி வருகிறேன் என்று அம்மா நேர்ந்துகொண்டார்கள். லட்சத்தீவில் கரையேறி அவனும் வந்து சேர்ந்தான். அப்புறம் வீட்டில் கல்யாணம், கொரோனா, அம்மாவின் முட்டுவலி என்று நேர்ச்சை தள்ளிக்கொண்டே போனது. போன செப்டம்பர் 14, திருச்சிலுவை மகிமைப் பெருவிழா அன்றுதான் வேன் பிடித்துக் கிளம்பினோம்.

உவரியில் இறங்கி அந்தோணியாருக்கு மெழுகுதிரி ஏற்றிவிட்டு, பெரியதாழை வழியாகப் போனோம். வழியெல்லாம் பனை. மழையே காணாத மாதத்தில், கொதிக்கிற மணலில், யாரும் ஒரு குடம் தண்ணீர் ஊற்றாமல் நிற்கிற மரம். அதுதான் நுங்கும் பதநீரும் தருகிறது, உடன்குடிக் கருப்பட்டியாகி ஊர் ஊராகப் போகிறது. இதை யார் வளர்க்கிறார் என்று கேட்டால் எங்கள் வீட்டுச் சின்னப் பிள்ளைகூடப் பதில் சொல்லும்.

மணப்பாட்டில் கூட்டம் தாங்கவில்லை. வண்டியை வெகு தூரத்திலேயே நிறுத்தச் சொல்லிவிட்டார்கள். அம்மா நடக்கச் சிரமப்படுவதைப் பார்த்ததும் ஓர் ஆட்டோக்காரர் கூலியை ஏற்றிச் சொன்னார். மெழுகுதிரியைக் கையில் திணித்துவிட்டுப் பின்னாலேயே வந்து காசு கேட்டவர்கள் வேறு. நேர்ச்சைக்கு வருகிற வயதானவர்களை இப்படியா நடத்துவது? குன்றின் ஏற்றத்தில் காற்று மணலை வாரி முகத்தில் அடித்தது. அம்மா செபமாலையை விடவேயில்லை, ஒவ்வொரு மணியாகச் சொல்லிக்கொண்டே ஏறிவிட்டார்கள்.

புயலில் சிக்கிய போர்ச்சுகீசியக் கப்பல்காரர்கள் தப்பிப் பிழைத்து, முறிந்த பாய்மரத்தில் சிலுவை செய்து நட்ட குன்று இது என்று வழிவழியாகச் சொல்வார்கள். கோயில் கட்டி முடிந்தது 1581-ல். அம்மா ஏன் இந்த ஆண்டவரிடம் நேர்ந்துகொண்டார்கள் என்பது பீடத்துக்கு முன்னால் தம்பியை முழங்காலில் பார்த்தபோதுதான் எனக்கு உறைத்தது.

திருப்பலி முடிந்து, கடலைப் பார்த்த பக்கம் சவேரியார் குகைக்கு இறங்கினோம். 1542-ல் முத்துக்குளித்துறை என்கிற இந்தக் கரைக்கு வேதம் போதிக்க வந்த புனித சவேரியார் தங்கிச் செபித்த இடம். உள்ளே ஒரு கிணறு. வெளியே அலை பாறையில் மோதுகிறது, காற்றெல்லாம் உப்பு. ஆனால் கிணற்றுத் தண்ணீர் கரிக்கவில்லை.

“குடி மக்கா,” என்று அம்மா தம்பியிடம் நீட்டினார்கள். அவன் ஒரு வாய் குடித்தான். அப்படியே சுவரைப் பிடித்துக்கொண்டு தேம்பித் தேம்பி அழுதான். இத்தனை வருடமாக வாய் திறந்து சொல்லாததை அங்கேதான் சொன்னான். படகில் குடிதண்ணீர் தீர்ந்துவிட்டதாம். சுற்றிலும் தண்ணீர், ஒரு சொட்டு குடிக்க முடியாது. நாக்கு தடித்துப்போய்க் கிடந்தபோது மழை பெய்தது. தார்ப்பாயை விரித்துப் பிடித்துக் குடித்தார்களாம். “எங்களைக் கவிழ்க்க வந்த அதே புயலோட மழைதான் அம்மா எங்களைக் காப்பாத்திச்சு,” என்றான்.

என் மகள் நிலவியல் படிக்கிறாள். மணலில் இறங்குகிற மழைநீர் கடல்நீரைவிட எடை குறைந்தது, அதனால் உப்புநீருக்கு மேலே தனியாகத் தங்கிவிடும், கரையோரத்தில் நல்ல தண்ணீர் ஊறுவது இப்படித்தான் என்று விளக்கினாள். கேட்கக் கேட்க எனக்கு மெய்சிலிர்த்தது. உப்புக்குப் பக்கத்திலேயே நல்ல தண்ணீரைப் பிரித்து வைக்கும் முறையை உலகம் படைத்த நாளிலேயே என் ஆண்டவர் போட்டுவைத்திருக்கிறாரே! பள்ளத்தாக்குகளில் ஊற்றுகளைச் சுரக்கச் செய்கிறார் என்று திருப்பாடல் 104-ல் எத்தனையோ தடவை வாசித்திருக்கிறேன். அன்றைக்கு அதைக் கையில் ஏந்திக் குடித்தேன். ஆண்டவரே, உமக்கு நன்றி. மழைக்கு நன்றி, மணலுக்கு நன்றி, தம்பியின் தொண்டையை நனைத்த ஒவ்வொரு சொட்டுக்கும் நன்றி.

எங்கள் ஊரிலேயே திரும்பி வராதவர்கள் இருக்கிறார்கள். அவர்களுக்கும் தாய்மார் நேர்ந்துகொண்டுதான் இருந்தார்கள். ஏன் அவர்களுக்கு இல்லை, எங்களுக்கு மட்டும் என்று அம்மா ஆண்டவரிடம் கேட்காத நாள் இல்லை. பதில் கிடைத்ததாக அவர்கள் சொல்லவில்லை, கேட்பதை நிறுத்தவும் இல்லை. குகையிலிருந்து ஏறியதும் மறுபடி கோயிலுக்குள் போய் ஒவ்வொருவர் பெயரையும் சொல்லி மெழுகுதிரி ஏற்றினார்கள். நேரமாகிறது என்று வேன்காரர் கூப்பிட்டும் யாரும் அசையவில்லை.

இதை வாசிக்கிறவர்கள் அந்தக் குடும்பங்களுக்காக ஒரு அருள்நிறை மரியே சொல்லுங்கள்.